படகு ஓடாத ஆற்றங்கரையில்

வைகாசி மாதம் பண்ருட்டிக்குத் தெற்கே கெடிலத்துப் பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தால் ஆறு தெரியாது. சீமைக்கருவேலம் தெரியும், கோரை தெரியும், ஊருக்குள்ளிருந்து வரும் சாக்கடை மணலைக் கறுப்பாக்கிக்கொண்டு போவது தெரியும். கள்ளக்குறிச்சிப் பக்கம் கிளம்பிக் கடலூரில் கடலைத் தொடும் இந்த ஆற்றின் மொத்த நீளமே நூறு கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் சில நாள் கரை புரளும். மற்ற நாளெல்லாம் மணல். அப்படிப்பட்ட ஆற்றின் கரையில் கோயில், மடம், கோட்டை, சந்தை, ரயில் நிலையம், முந்திரித் தொழிற்சாலை என்று ஆயிரத்து நானூறு வருடங்களாக ஊர் அழியாமல் உருமாறிக்கொண்டே வந்திருக்கிறது. எதை நம்பி?

ஆற்றங்கரையில் நகரம் வளரும் என்பது பள்ளிக்கூடத்திலேயே நாம் கேட்ட பாடம். அந்தப் பாடம் பெரிய ஆறுகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தை எடுத்துக்கொள்வோம். 1764-ல் பியர் லாக்லேட் என்ற பிரெஞ்சு வணிகர், மிசௌரி ஆறு மிசிசிப்பியில் கலக்கும் இடத்துக்குச் சற்றுத் தெற்கே, வெள்ளம் எட்டாத சுண்ணாம்புப்பாறை மேடு பார்த்துத் தோல் வியாபாரத்துக்குக் கடை போட்டார். 1817-ல் முதல் நீராவிப் படகு அந்தக் கரையில் ஒதுங்கியது. 1840-ல் 16,469 பேர் இருந்த ஊர் 1860-ல் 1,60,773 பேர் வாழும் நகரமாகிவிட்டது. இருபது வருடத்தில் பத்து மடங்கு!

தண்ணீர் நிறைய இருந்ததால் இது நடந்தது என்று சொல்லத் தோன்றும். அதே தண்ணீர் மேலும் கீழும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு ஓடுகிறது, அங்கெல்லாம் நகரம் முளைக்கவில்லை. செயின்ட் லூயிஸுக்கு வடக்கே ஆறு ஆழம் குறைவு. நியூ ஆர்லியன்ஸிலிருந்து வரும் பெரிய படகு அதற்கு மேல் போக முடியாது. சரக்கை இறக்கிச் சின்னப் படகில் ஏற்ற வேண்டும். இறக்கி ஏற்ற ஆள் வேண்டும், வைக்கக் கிடங்கு வேண்டும், விலை பேசத் தரகர் வேண்டும், காத்திருப்பவனுக்குச் சோறும் படுக்கையும் வேண்டும். சார்லஸ் கூலி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1894-ல் இதை ஒரு கொள்கையாகவே எழுதினார்: போக்குவரத்து எங்கே அறுபடுகிறதோ, சரக்கு எங்கே வண்டி மாறுகிறதோ, அங்கே நகரம் பிறக்கிறது. ஆறு ஓடுவதைவிட, ஓட முடியாமல் நிற்கும் இடம்தான் முக்கியம்.

கூலி பண்ருட்டியைப் பார்த்ததில்லை. ஆனாலும் அவருடைய கொள்கை கெடிலக்கரைக்கு அச்சாகப் பொருந்துகிறது என்பது என் எண்ணம். ஒரு திருத்தம் மட்டும் செய்ய வேண்டும். இங்கே வண்டி மாறுவதற்கு முன்னால் மண் மாறுகிறது.

பாலத்திலிருந்து கும்பகோணம் சாலையில் தெற்கே போனால் கொஞ்ச நேரத்திலேயே நிலம் சிவந்துவிடும். பணிக்கன்குப்பம், காடாம்புலியூர், காட்டுக்கூடலூர் என்று போகப் போக மேடு, செம்மண், முந்திரிக்காடு, நடுநடுவே பலா. புவியியலாளர்கள் இதைக் கடலூர் மணற்பாறை என்பார்கள். பல பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன், மேற்கேயுள்ள மலைகளை அரித்துவந்த பழைய ஆறுகள் கொட்டிய மணலும் களியும் இறுகி, அதிலிருந்த இரும்பு துருப்பிடித்துச் சிவந்த படிவு அது. கடலூருக்கு அருகே கேப்பர் மலை என்று பெயர் வாங்கிய மேடும் இதே படிவுதான். இதன் அடியில்தான் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி கிடக்கிறது.

பாலத்துக்கு வடக்கே நிலமே வேறு. அது கெடிலமும், சில கிலோமீட்டர் தள்ளி ஓடும் தென்பெண்ணையும் வெள்ளக் காலத்தில் விரித்துவிட்டுப் போன வண்டல். நெல்லும் கரும்பும் விளையும் தட்டை நிலம். நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனி 1840-களிலேயே சர்க்கரை ஆலை வைத்ததற்கு இந்த வண்டலே காரணம்.

இரண்டு மண்ணும் தண்ணீரை நடத்தும் விதம் நேர் எதிர். மேட்டுச் செம்மண் மழையை வாங்கிக் கீழே விட்டுவிடும், தேக்கி வைக்காது. பலாவுக்கும் முந்திரிக்கும் அதுதான் தேவை. பலா வேரில் நான்கைந்து நாள் தண்ணீர் நின்றால் மரம் படுத்துவிடும். வண்டலோ தண்ணீரைப் பிடித்து வைக்கும், நெல் அதில் கால் நனைத்து நிற்கும். அதனால் மேட்டுக்காரரிடம் இருப்பது பள்ளத்துக்காரரிடம் இருக்காது, அவரிடம் இருப்பது இவரிடம் இருக்காது. இரண்டு பேரும் மாற்றிக்கொள்ள ஒரு நடு இடம் வேண்டும். இரண்டு மண்ணும் தொட்டுக்கொள்ளும் கோடு எது? கெடிலம்.

படகு போகாத ஆறாக இருப்பது இதற்கு வசதி. மிசிசிப்பியைக் கடக்க 1874-ல் ஈட்ஸ் பாலம் வரும்வரை செயின்ட் லூயிஸ் படகையே நம்பியிருந்தது. கெடிலத்தை மாட்டுவண்டி எட்டு மாதம் மணலிலேயே கடந்துவிடும். வற்றிய ஆறு ஒரு அகலமான சாலை. அதே மணலுக்கடியில் தண்ணீரும் இருந்தது. மேட்டில் இறங்கிய மழையில் ஒரு பங்கு நெய்வேலிப் பக்கம் ஆழத்துக்குப் போகும். இன்னொரு பங்கு மெல்லக் கசிந்து ஆற்று மணலுக்கு வந்து சேரும். முழங்கை ஆழம் மணலைத் தோண்டினால் ஊற்று சுரக்கும் என்பதைப் பழைய தலைமுறை நன்றாக அறியும். தை மாதம் 5-ம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குக் கெடிலத்திலும் தென்பெண்ணையிலும் சுற்று வட்டாரச் சாமிகளெல்லாம் இறங்கிவந்து மணலில் நிற்கும். பந்தலும் ராட்டினமும் ஆற்றுக்குள்ளேயே. அன்று சிறுவள்ளிக்கிழங்கு வாங்காமல் வீடு திரும்பினால் வைவார்கள். வெள்ளம் வடிந்து மணல் காய்ந்துவிட்ட நாள் பார்த்து வைத்த திருவிழா அது. ஒரு நீரியல் காலண்டர் என்றே சொல்லலாம்.

இனி ஊரின் கதைக்கு வருவோம். இப்போதைய பண்ருட்டி நகராட்சிக்குள் அடங்கிய திருவதிகைதான் மூத்த ஊர். பண்ருட்டி அதன் பின்னால் பிறந்து, அதையே விழுங்கிவிட்டது. வீரட்டானேசுவரர் கோயில் கெடிலத்தின் வடகரையில், வண்டல் நிலத்தின் ஓரத்தில் இருக்கிறது. பக்கத்தில் திருவாமூர், அப்பர் பிறந்த ஊர். 7-ம் நூற்றாண்டில் அவர் முதலில் சேர்ந்த சமணப் பள்ளி ஆற்றின் கீழ்ப்பகுதியில், இன்று கடலூரின் பகுதியாகிவிட்ட திருப்பாதிரிப்புலியூரில் இருந்தது. பெரியபுராணம் சொல்வதன்படி, மகேந்திரவர்ம பல்லவன் சைவனான பின் அந்தப் பள்ளியை இடித்து, அந்தக் கல்லையே கொண்டுவந்து திருவதிகையில் குணபரஈச்சரம் என்ற கோயிலைக் கட்டினான். மதச் சண்டையின் ஞாபகமாகத்தான் இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் ஒரு வண்டித்தடம் தெரிகிறது. துறைமுகத்துக்கும் உள்நாட்டுச் சந்தைக்கும் நடுவில் கல் ஏற்றிய வண்டி போகுமளவுக்குப் பாதை இருந்திருக்க வேண்டும்.

அந்தச் சமணப் பள்ளியை இவ்வளவு சுருக்கமாகத் தாண்டக்கூடாது. லோகவிபாகம் என்ற சமணப் பிரபஞ்சவியல் நூல், காஞ்சியின் சிம்மவர்மனுடைய 22-ம் ஆட்சியாண்டில், கி.பி. 458-ல், பாடலிகா என்ற ஊரில் சர்வநந்தி என்ற முனிவர் எழுதியது. மூலம் பிராகிருதம், அது அழிந்துவிட்டது. பிற்காலச் சமஸ்கிருத வடிவம்தான் கைக்குக் கிடைத்திருக்கிறது. அந்தப் பாடலிகா திருப்பாதிரிப்புலியூர்தான் என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். உலகத்தின் அளவுகளைச் சொல்லும்போது அந்த நூல் எண்களைச் சொற்களால் எழுதுகிறது, வெறும் இடத்துக்குச் சூனியம் என்ற சொல்லைப் போடுகிறது. பூஜ்ஜியத்தை இடமதிப்போடு எழுதியதாக ஆண்டு தெரிந்த நூல்களில் மிகப் பழையது இதுதான் என்று கணித வரலாற்றாசிரியர்கள் காட்டுவது வழக்கம். கெடிலம் கடலில் விழும் இடத்துக்குப் பக்கத்தில் பூஜ்ஜியம் போட்டு எழுதிய ஒருவர் உட்கார்ந்திருந்தார்! கடலூர்க்காரர்கள் இதற்கு ஒரு பலகைகூட வைக்காமல் இருப்பது எனக்கு ஆச்சரியம்.

சோழர் காலத்தில் திருவதிகை கொழித்தது. முதலாம் குலோத்துங்கனின் தளபதி நரலோகவீரன் இங்கே செய்த திருப்பணிகளைத் தமிழ் வெண்பாவிலேயே கோயிலில் பொறித்து வைத்திருக்கிறார்கள். சிதம்பரத்திலும் அவருக்கு அப்படி ஒரு கல்வெட்டு உண்டு. அறுநூறு வருடம் தாண்டி அதே கோயில் கோட்டையாகிவிட்டது. 1750-களின் கர்நாடகப் போர்களில் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் திருவதிகையை மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். மதிற்சுவரும் உயரமான கோபுரமும் இருந்தால் படைக்குக் கோட்டை கட்டும் செலவு மிச்சம். ஆற்றுக்கடவைக் கையில் வைத்திருப்பவனிடம்தான் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் போகும் அரிசி வண்டி கப்பம் கட்டும்.

ஆற்றின் வாயில் அதைவிட வேடிக்கை. 1690-ல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி செஞ்சி மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. சென்னையில் அப்போது கவர்னர் எலிஹு யேல். பாஸ்டனில் பிறந்தவர், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இவர் பெயரில்தான் இருக்கிறது. கோட்டையோடு எவ்வளவு நிலம் என்பதற்குப் பேசிய அளவு: பீரங்கியைச் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு. சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்து நாலு பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த கோட்டுக்குள் இருந்த ஊர்களெல்லாம் கம்பெனிக்கு. இன்றும் கடலூரில் குண்டு உப்பலவாடி என்றே ஓர் ஊர் இருக்கிறது, குண்டு சாலை இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்த 1746-லிருந்து 1752 வரை இந்தச் செயின்ட் டேவிட் கோட்டைதான் கம்பெனிக்குத் தென்னிந்தியத் தலைநகரம். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்து இடித்தார். அத்தோடு கடலூர் தலைநகராகும் கனவு முடிந்தது. போர் மட்டும் காரணமில்லை. கெடிலமும் பக்கத்து ஆறுகளும் கொண்டுவரும் மணல் முகத்துவாரத்தில் திட்டாகிவிடும், பெரிய கப்பல் உள்ளே வர முடியாது. செயின்ட் லூயிஸிலும் இதே தொல்லை வந்தது. துறையை மணல் மூடத் தொடங்கியதும் 1837-ல் ஓர் இளம் ராணுவப் பொறியாளரை அனுப்பினார்கள். அவர் கரையோரம் தடுப்பணை போட்டு ஆற்றையே நகரத்தை நோக்கித் தள்ளினார். பின்னாளில் உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படைக்குத் தலைமை தாங்கிய ராபர்ட் லீதான் அவர். கடலூருக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. ஆற்றைத் திருப்பிய பெருமை இங்கே மாணிக்கவாசகருக்கு. அவர் திருப்பாதிரிப்புலியூருக்கு வரும்போது கெடிலம் குறுக்கே பெருக்கெடுத்து ஓட, இறைவன் சித்தராக வந்து ஆற்றை ஊருக்கு வடக்கே ஓடும்படி திருப்பினார் என்கிறது தலபுராணம். தட்டையான வண்டலில் ஆறு படுக்கை மாற்றுவது இயல்பு. புராணத்துக்குள் ஒரு பழைய வெள்ளம் ஒளிந்திருக்கலாம்.

1870-களில் தென்னிந்திய ரயில்வே விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம் வழியாகத் தஞ்சைப் பக்கம் இருப்புப்பாதை போட்டது. நிலையம் பண்ருட்டியில் அமைந்தது. அங்கேதான் கூலியின் கொள்கை வேலை செய்யத் தொடங்குகிறது. கோயில், மடம், கோட்டை எல்லாம் திருவதிகையில். வண்டி மாறும் இடம் பண்ருட்டி. மேட்டு நிலத்தில் அப்போது மல்லாட்டைப் பயிர் பரவியது. வேர்க்கடலைக்குத் தென்னார்க்காட்டில் இன்றும் அதுதான் பெயர். பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய், சோப்பு ஆலைகள் கடலையைத் தின்று தீர்த்தன, புதுச்சேரியிலிருந்து கப்பல் கப்பலாகப் போயிற்று. மாட்டுவண்டியில் வந்த மூட்டை பண்ருட்டியில் இறங்கி, எடை போட்டு, தோல் உடைத்து, ரயிலேறியது. தரகு மண்டி, கிடங்கு, கடன் கொடுப்பவர், சாக்கு விற்பவர், வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுபவர் என்று செயின்ட் லூயிஸ் துறையில் நடந்ததெல்லாம் இங்கே ரயில் கூட்ஸ் ஷெட்டின் வாசலில் சின்ன அளவில் நடந்தது. ஆற்று வண்டலைக் குழைத்துப் பண்ருட்டி பொம்மை செய்தவர்களுக்கும் கொலுவுக்கு வெளியூர் அனுப்ப அதே ரயில் கிடைத்தது.

மல்லாட்டை போட்டுக் களைத்த மேட்டு நிலத்தில் முந்திரி பரவியது. பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்த மரம், மண் அரிப்பைத் தடுக்க நட்டது, இங்கே வயிற்றுப்பிழைப்பாகிவிட்டது. பாலூரின் வேளாண் ஆராய்ச்சி நிலையம் பலாவிலும் விருத்தாசலம் நிலையம் முந்திரியிலும் ரகங்கள் வெளியிட்டன. 2025-ல் பண்ருட்டிப் பலாவுக்கும் முந்திரிக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது.

பலாவை மண்டியில் பார்க்க வேண்டும், சித்திரையிலிருந்து ஆனி வரை. வியாபாரி காயை விரல் முட்டியால் தட்டுவார், காதைச் சாய்ப்பார். சத்தம் மந்தமாக இருந்தால் சுளை விளைந்துவிட்டது. முள் அகன்று விரிந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். காம்பில் வடியும் பாலைத் தொட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. காய் முற்றும்போது தட்டும் ஒலி ஏன் மாறுகிறது என்று இயற்பியலில் விளக்கலாம். மண்டியில் யாரும் விளக்கம் கேட்பதில்லை, விலை கேட்கிறார்கள்.

முந்திரி வேலை இன்னும் கூர்மை. கொட்டையைக் காயவைத்து, ஆவியில் வேகவைத்து, ஆறவிட்டு, ஒவ்வொன்றாக உடைக்கிறார்கள். உடைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெயில் அனகார்டிக் அமிலம் இருக்கிறது, தோலில் பட்டால் புண்ணாக்கும். அதனால் கையில் சாம்பலோ ஆமணக்கெண்ணெயோ பூசிக்கொள்வார்கள். அப்படியும் விரல் நுனிகள் கறுத்து, ரேகை மங்கிவிடும். விரல் ரேகை வைத்தால்தான் ரேஷன் என்ற காலத்தில் இது சின்னக் கஷ்டமில்லை. அதே எண்ணெய் பெயின்ட்டுக்கும் பிரேக் லைனிங்குக்கும் போகிறது. உடைத்த பருப்பைச் சூட்டில் உலர்த்தித் தோல் உரித்தபின் தரம் பிரிப்பார்கள். டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, 320 முழுப்பருப்பு. டபிள்யூ 180 அதைவிடப் பெரியது, விலையும் அதிகம். ஒரு பருப்பு இரண்டாக உடைந்தால் விலை சரிந்துவிடும். அந்த விரல் நுணுக்கம்தான் பண்ருட்டியின் உண்மையான மூலதனம்.

இது வீண் புகழ்ச்சி இல்லை. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. தாத்தா நட்ட பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. மரத்தை மட்டும் நம்பிய ஊராக இருந்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். தோப்புக்காரர்கள் நிமிர வருடங்கள் ஆயின. தொழிற்சாலைகளுக்கோ ஐவரி கோஸ்ட், பெனின், தான்சானியாவிலிருந்து தூத்துக்குடி வழியாகக் கொட்டை வந்துகொண்டிருந்தது. மண் தொடங்கிவைத்த தொழிலைக் கை காப்பாற்றிவிட்டது. செயின்ட் லூயிஸில் இப்படி நடக்கவில்லை. ரயில் சிகாகோ பக்கம் சாய்ந்தது, பிறகு ஆலைகள் போயின. 1950-ல் 8,56,796 பேர் வாழ்ந்த நகரத்தில் 2020-ல் 3,01,578 பேர். பண்ருட்டியில் 2011 கணக்குப்படி சுமார் 60,000 பேர், நான்கு முனைச் சந்திப்பில் நடக்க இடமில்லை.

நெருக்கடியால் வீடுகள் பள்ளத்துக்கு இறங்குகின்றன. செம்மேடு மழையை உறிஞ்சும் என்று சொன்னேன். அதற்கும் ஒரு வேக வரம்பு உண்டு. 2015 நவம்பர் 9 அன்று நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. உறிஞ்ச முடியாத தண்ணீர் மேட்டின் ஓடைகளில் செஞ்சேறாகத் திரண்டு, விசூரிலும் பெரியகாட்டுப்பாளையத்திலும் வீடுகளை அடித்துக்கொண்டு போயிற்று. பலர் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது கெடிலமோ தென்பெண்ணையோ இல்லை. வருடம் முழுக்க ஆடு மேயும், வரைபடத்தில் பெயர்கூட இல்லாத ஓடை. திருக்கோவிலூர்ப் பக்கம் தென்பெண்ணையிலிருந்து பிரிந்து கெடிலத்துக்கு வரும் மலட்டாறும் அப்படித்தான், பெயரே மலடு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்குச் சாத்தனூர் அணை திறந்தபோது அந்த மலட்டாறு அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையையே மூடியது.

ஆகவே பண்ருட்டியில் மனை வாங்க வருபவர்கள் பட்டாவைப் பார்ப்பதற்கு முன்னால், பக்கத்து வீட்டில் கிணறோ செப்டிக் டாங்கோ தோண்டியபோது என்ன மண் வந்தது என்று கேட்பது நல்லது. செம்மண் வந்தால் மேடு, அருகில் ஓடை இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். கரிய களி வந்தால் வயல், மழைக்காலத்தில் முற்றத்தில் தண்ணீர் நிற்கும். பத்தடிக்குக் கீழே வெள்ளை மணலும் உருண்டைக் கூழாங்கல்லும் வந்தால் அது கெடிலத்தின் பழைய படுக்கை. அந்த மனையை விற்பவர் விலையை எவ்வளவு குறைத்தாலும் சரி, வேறு இடம் பார்ப்பது உத்தமம்.